துரை வானத்துக்குப் போட்ட அபராதம்

சீமையிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைக்காரத் துரைமார் நம் அரண்மனை வாசல்களில் தென்படத் தொடங்கியிருந்த முன்னொரு காலத்தில், திருமேனி பூபதி என்று ஓர் அரசர் இருந்தார். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்துவிட்டது. ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த துரையின் வாயால் தம் நாட்டைப் பற்றி ஒரு நல்ல சொல்லாவது கேட்டுவிட வேண்டும்.

"எதைக் கொடுத்தால் அந்த மனிதர் வாயைத் திறப்பார்?" என்று சபையில் கேட்டார்.

விகடகவி வடமலை எழுந்து நின்றான். "மகாராஜா, யானை குதிரையெல்லாம் அவர் பார்த்திருப்பார். நம் ஊர்த் தறியில் நெய்த சல்லாத் துணியைக் கொடுங்கள். பத்து முழத் துணி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்."

மறுநாள் துரை வந்தார். சிவந்து இறுகிய முகம். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், "ஃபைன்" என்றார். வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

அரசர் ஆவலோடு துபாஷி ரங்கப்பன் பக்கம் திரும்பினார். அந்தச் சபையில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அரசருக்குப் பக்கத்து ஆசனம் தனக்குக் கிடைக்காமல் ஒரு விகடனுக்குப் போனதே என்று பல வருடங்களாக வெந்துகொண்டிருந்தவனும் அவன்தான்.

"சொல்ல நாக் கூசுகிறது, மகாராஜா. ஃபைன் என்றால் அபராதம்."

சபையில் விசிறி வீசிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுபோயிற்று.

"அபராதமா? எதற்கு?"

"இவ்வளவு அற்பமான பொருளைக் கொடுத்து அவரை அவமதித்ததற்கு." ரங்கப்பன் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றைப் பிரித்து, ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினான். அதை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை.

அரசர் ஆசனத்தை விட்டு எழுந்தார். அவருடைய பரம்பரையில் யாரும் யாருக்கும் அபராதம் கட்டியதில்லை.

"வடமலை, நாளை மறுநாள் துரை விடைபெற வருகிறார். யோசனை சொன்ன நீயே அந்த ஃபைனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வை. வைக்காவிட்டால் உன் தலை இருக்காது. அவர் விடைபெற்றதும் இந்த அவமானத்துக்குப் போர்தான் பதில்."

பன்னிரண்டு வருடங்களாக அந்த மண்டபத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தவன் வடமலை. அன்று வீட்டுக்குப் போகாமல் உச்சி வெயிலில் நேராக ஆற்றங்கரைக்கு நடந்தான்.

கூடாரத்துக்குப் பின்னால் துரையின் சமையற்காரர் சவரிமுத்து ரசம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க துரைக்குச் சல்லாத் துணி பிடிக்கலையா?"

"யாரு சொன்னா? வந்ததுலேருந்து அதைத்தான் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருக்காரு. பெட்டியில வைக்க விடமாட்டேங்கிறாரு."

"முகத்தப் பாத்தா அப்படித் தெரியலையே."

"அவரு மூஞ்சியே அப்படித்தான். வீட்டம்மாகிட்டேருந்து கடுதாசி வந்தாலும் அதே மூஞ்சிதான்."

"ஃபைன்னு சொன்னாரே. அப்படின்னா அபராதமாம், துபாஷி சொல்றார்."

சவரிமுத்து கரண்டியைக் கீழே வைத்தார். "அபராதமும் உண்டுதான். ரெண்டு நாள் வேலைக்கு வராத குதிரைக்காரனுக்குப் போன மாசம் போட்டாரு. ஆனா அது ஒண்ணுதானா? ரசத்தைக் குடிச்சுட்டு ஃபைன்னுவாரு. மிளகு நைசா இடிச்சிருந்தா ஃபைன். மழை விட்டு வெளிச்சம் வந்தா ஃபைன். ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு கேட்டா அதுக்கும் ஃபைன்தான்."

வடமலை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரே சொல்லா? நலமாக இருக்கிறேன் என்பதற்கும் அதே சொல், ஒருவன் தலை போவதற்கும் அதே சொல்லா?

"இதைச் சபையில வந்து சொல்வீங்களா?"

"அடுப்படிக்காரன் பேச்சுக்கு அங்க என்ன மதிப்பு, தம்பி? துரை வாயாலேயே சொல்ல வையுங்க. இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிங்க. ஹவ் ஆர் யூ, சார்."

குறித்த நாளில் வடமலை ஒரு பித்தளைத் தாம்பாளத்தை மூடி எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

"ஃபைன் கொண்டுவந்தாயா?" என்று கேட்டார் அரசர்.

"கொண்டுவந்திருக்கிறேன், மகாராஜா. துரையே பார்த்துச் சொல்லட்டும். நான் முடிக்கும்வரை துபாஷி அவர்கள் பேசாமல் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் வேண்டுகோள்."

மூடியை எடுத்தான். ஒரு பக்கம் அரிசி நொய், இன்னொரு பக்கம் சலித்த மாவு. துரை புருவத்தைச் சுருக்கினார். நொய்யைத் தொட்டுவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார். மாவை விரலில் எடுத்துத் தேய்த்து, "ஃபைன்" என்றார்.

சபை திடுக்கிட்டது. வடமலை சாளரத்தைத் திறந்து, மழை ஓய்ந்து நீலமாகக் கிடந்த வானத்தைக் காட்டினான். துரை எட்டிப் பார்த்தார். "ஃபைன்."

சேனாபதி எழுந்தே விட்டார். வடமலை கைகூப்பி, நாக்குத் தடுமாற, "ஹவ் ஆர் யூ, சார்?" என்றான். தம் பாஷையைக் கேட்ட துரை ஒரு கணம் விழித்துவிட்டுச் சொன்னார்: "ஃபைன்."

"மகாராஜா," என்று வடமலை திரும்பினான். "துபாஷி சொன்ன அர்த்தப்படி துரை முதலில் மாவுக்கு அபராதம் போட்டார். பிறகு வானத்துக்குப் போட்டார். கடைசியில் தமக்கே போட்டுக்கொண்டார். வானத்திடம் போய் வசூலிக்க எனக்கு ஓர் ஏணி தேவைப்படுகிறது."

அரசர் துபாஷி பக்கம் திரும்பினார். "ரங்கப்பா, அகராதியைப் பிரி. அந்தச் சொல்லுக்கு எதிரே இருக்கிற அர்த்தம் முழுவதையும் தமிழில் சொல். ஒன்றை விட்டாலும் துரையின் ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்."

ரங்கப்பனின் விரல் பக்கத்தில் வழுக்கியது. "நேர்த்தியானது... மெல்லியது... பொடியானது... தெளிந்தது... நலம்... சரி..." குரல் இறங்கிவிட்டது. "அபராதம்."

"துணியைத் தொட்டுச் சொன்னால் எது?"

"நேர்த்தி, மகாராஜா. நல்ல நயமான நெசவு."

அரசர் கேட்க ஆசைப்பட்ட புகழ்ச்சி முதல் நாளே கிடைத்திருக்கிறது. அதற்காகத்தான் அவர் ஒருவன் தலையை எடுக்கவும் படையை எழுப்பவும் இருந்தார். நெஞ்சில் கை வைத்தபடி தாம்பாளத்தைப் பார்த்தார், திறந்த சாளரத்தைப் பார்த்தார். ஏணி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே தம் காதிலிருந்த வைரக் கடுக்கனைக் கழற்றி வடமலையின் கையில் வைத்து அழுத்தினார்.

ரங்கப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அடியேனுக்கு என்ன தண்டனை, மகாராஜா?"

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைக் குனிந்து பார்த்தார்.

"ஃபைன்," என்றார்.

ரங்கப்பன் தலையைத் தூக்கி அரசர் முகத்தைப் பார்த்தான். வடமலை முகத்தைப் பார்த்தான். இரண்டிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மகாராஜா, எந்த அர்த்தத்தில்?"

அரசருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட, வடமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே போனார். ஒன்றும் புரியாத துரையும் வணங்கிவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பினார். சபை கலைந்தது. ரங்கப்பன் மட்டும் அகராதியை மார்போடு அணைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.