ஏழு கதையும் ஒரு துவையலும்

"ஏழு கதை இருக்கு, அம்மா. ஏழையும் சேர்த்துக் கட்ட ஒரு கதை இல்லை," என்றார் அம்பலவாணர்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு கோமதியம்மைக்கு நாற்பது இருக்கலாம். ஊர் அதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டது.

போன ஐப்பசியில் அம்மையின் மடத்தை ஒட்டிய சத்திரத்தில் ஏழு வழிப்போக்கர்கள் மாட்டிக்கொண்டார்கள். மூன்று நாள் மழை, ஆற்றில் வெள்ளம். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அம்பலவாணர் ஒன்றுவிடாமல் ஏட்டில் எழுதினார்.

வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே நூல் அது. இன்னும் நாலு நாளில் அரங்கேற்றம். மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஒரு ராஜாவைக் கொண்டாந்து கதை கேக்க வச்சேன். ஒட்டலை. பேசுற கிளியை வச்சேன். அது என்னைவிட அதிகம் பேசுது."

கோமதியம்மை சிரித்துவிட்டார்.

"நடந்ததையே எழுதுங்களேன்."

"நடந்ததுல என்னம்மா இருக்கு? மழை பேஞ்சுது. உக்காந்திருந்தோம்."

"மூணு நாளும் என்ன சாப்பிட்டிய?"

அம்பலவாணர் யோசித்தார். ஏழு கதையையும் தலைகீழாகச் சொல்வார். சாப்பிட்டது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"போய்க் கேட்டுட்டு வாங்க," என்றார் குரு.

சத்திரத்து அடுப்படியில் முப்பிடாதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அங்கே சமையல் எல்லாம் அவள் கைதான்.

கேட்டார். அவள் நிமிராமலே சொன்னாள்.

"மொத நாள் சுண்டைக்காய்க் குழம்பு. மாட்டுத் தரகர் ஒரு கதை சொன்னாரே, பொண்டாட்டியை ஆத்துல பறிகொடுத்தவன் கதை? அந்த இடத்துலதான் நான் மறுசோறு கொண்டாந்தேன். இலையை மூடிட்டாரு. அது கதை இல்ல அண்ணாச்சி. அவரு சொந்த வீட்டுச் சங்கதி."

"இலையை மூடினாரா?"

"நீங்கதான் குனிஞ்சு எழுதிட்டிருந்தியளே."

 அந்தக் கதையை அம்பலவாணர் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டிச் சபாஷ் வாங்கியிருக்கிறார்!

"மத்த ஆறு பேரு?"

முப்பிடாதி அம்மியைக் காட்டினாள்.

"துவையலை அரையுங்க. சொல்லுதேன்."

அவர் எழுத்தாணியைத் தேடி இடுப்பைத் தடவினார். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, குழவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வறுத்த பருப்பு வாசம் வந்தது. பல நாளைக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

"மூணு நாளா விடாத மழை," என்று ஆரம்பித்தாள் அவள். "ஏழு பேரு கதை சொன்னாவ. எட்டாவதா ஒருத்தரு இருந்தாரு. பாவம், ஒரு வேளைகூடச் சூடாச் சாப்பிடலை."

அம்பலவாணரின் கை நின்றுவிட்டது.

"அரையுங்க அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதி. "அவரு கதை கடைசியாத்தான் வருது."