அந்துப்பூச்சி பறந்த ஆடி

அந்தக் காலத்தில் தானியங்கள் கனவு கண்டன. எலி பேசும், காக்கை பேசும், அம்மன் கல்லை விட்டு இறங்கி வந்து திட்டிவிட்டுப் போவாள். அதெல்லாம் அன்றைக்குப் பெரிய அதிசயமில்லை. தானியம் மட்டும்தான் வாயைத் திறக்காது. பேசாத பிள்ளைகள் எவ்வளவு கனவு காணும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் கம்பும் சோளமும் இருட்டில் கிடந்தபடி, தாங்கள் முளைத்து ஆடப்போகிற காட்டைக் கனவு கண்டுகொண்டிருந்தன.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் குருவம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் மாடுகளைப் பத்திக்கொண்டு மேற்கு மலைப்பக்கம் போனவன், மழை விழுந்தால்தான் திரும்புவான். வீட்டில் அவளும் நாலு வயது மகள் பவளமும்தான். அவர்கள் இரண்டு பேருக்குத் துணையாக நான்கு குலுக்கைகள் நின்றன. குலுக்கை என்றால் தானியம் கொட்டி வைக்கிற ஆள் உயர மண்கூடு. நான்கிலும் கழுத்துவரை தானியம் இருந்தது. ஒன்றையும் அவள் தொடமாட்டாள். அன்றன்றைக்குக் கூலிக்குக் கிடைத்ததைக் குத்தி அன்றன்றைக்குக் காய்ச்சுவாள்.

ஊரில் அவளைக் கருமி என்றார்கள். ஊருக்கு என்ன, வாய் இருக்கிறது. மூன்று வருசத்துக்கு முன்னால் வந்த பஞ்சத்தில் அவளுடைய ஆறு வயது மகன் முத்தையா பசியில் கண்ணை மூடினான். அவன் போன மறுநாள் காலையில் அவள் அண்ணன் நாலு ஊர் தாண்டி, தலையில் ஒரு சிறு மூட்டைக் குதிரைவாலியோடு வந்து வாசலில் நின்றான். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. அந்தக் குதிரைவாலியை அவள் வாயில் வைக்கவில்லை. ஒரு கலயத்தில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி, களிமண் பூசி, பரணில் ஏற்றினாள். அப்புறம் மழை பெய்தது, காடு விளைந்தது. விளைந்ததை எல்லாம் குலுக்கையில் கொட்டி மூடினாள். இனி என் வீட்டில் பசி என்ற சொல்லே கேட்கக் கூடாது என்று இருந்தாள். பயம்தான், வேறென்ன.

பவளத்துக்குக் குலுக்கையின் குளிர்ச்சி பிடிக்கும். அதில் முதுகைச் சாய்த்துத்தான் தூங்குவாள். கொஞ்ச நாளாக அந்தத் தூக்கம் நீண்டுகொண்டே போனது. காலையில் எழுந்தவள் வெயில் ஏறுமுன் திரும்பப் படுத்தாள். விழித்தால் சோறு வேண்டாம் என்றாள்.

"எனக்கு வேரு விடணும்மா. மண்ணுக்குள்ள போகணும்."

குருவம்மா தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தாள். மந்திரித்தாள், வேப்பிலை அடித்தாள், மருந்து அரைத்தாள். பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள்.

ஒரு நாள் பட்டப்பகலில் ஓர் எலி வந்து அடுப்படியில் உட்கார்ந்தது.

"தாயி, ஒரு நியாயம் கேட்டு வந்திருக்கேன்."

"திருட வந்த மூஞ்சிக்கு நியாயம் வேற கேக்குதா?"

"திருடத்தான் வந்தேன், ஒத்துக்கிடுதேன். போன வாரம் உன் சோளத்துல நாலு மணி தின்னேன். அதிலேருந்து கண்ணை மூடுனா சோளக்காடுதான். நானே கதிரு வாங்கிக் காத்துல ஆடுதேன். எம் பொஞ்சாதி என்னை ஒரு மாதிரியாப் பாக்கா." எலி மீசையைத் தடவிக்கொண்டது. "நாலு மணி தின்ன எனக்கே இந்தப் பாடு. உன் தானியம் வயித்துக்குள்ளயும் போகல, மண்ணுக்குள்ளயும் போகல. அது காணுற கனவுக்கு ஒரு போக்கிடம் வேணுமா இல்லையா? பக்கத்துல படுத்திருக்கிற பச்சப்புள்ளைக்குள்ள ஏறிக்கிடுது. இப்படியே விட்டா இந்த மாசம் கழியுமுன்ன அவ முழிக்காமலே போயிருவா."

குருவம்மா விளக்குமாற்றை எடுத்து எறிந்தாள். எலி போய்விட்டது, அது சொன்னது போகவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு அம்மனிடம் நடந்தாள்.

அன்றைக்கு ஆடி பிறந்திருந்தது. காற்று தரையில் நில்லாமல் சுழன்று அடித்தது. அம்மன் கல்லில் இல்லை. வரப்பில் உட்கார்ந்து, காற்றில் பிரிந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். முடிய முடிய அது பிரிந்து மேகத்தோடு போனது.

"எனக்குப் பசிக்குது," என்றாள் அம்மன்.

"நான் எம் பிள்ளையைக் கேக்க வந்தேன், தாயே."

"தெரியும். இந்த மாசம் முழுக்க உன் வீட்டுல கிடக்கிறதைக் கூழாக் காய்ச்சு. எனக்கு ஒரு சட்டி, உங்களுக்கு ஒரு சட்டி, வாசல்ல வந்து நிக்கிறவுகளுக்கு ஒரு சட்டி. புதுசா எதையும் வாங்காத, கறி மீனு தேடாத. விதைக்கு ஒதுக்குனது போக மிச்சமெல்லாம், அடித்தூரு தெரியிற வரைக்கும் காய்ச்சு."

"தூரு தெரிஞ்சா அதுக்கப்புறம் மழை வருமா?"

"நான் வாக்குக் கொடுக்கல. பசிக்குதுன்னுதான் சொன்னேன்."

குருவம்மாவுக்குக் கோபம் வந்தது. "போன தடவை பானை காலியா இருந்தப்பத்தான் எம் மவன் போனான்."

அம்மன் தலை குனிந்தாள். "ஆமா," என்றாள்.

அந்த ஒற்றை 'ஆமா'வில் சாக்கும் இல்லை, சமாதானமும் இல்லை. அதனால்தான் குருவம்மாவால் அவளை நம்ப முடிந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள்.

முதல் குலுக்கையில் கம்பு. எட்டாம் நாள் தூர் தெரிந்ததும் பவளத்தின் தூக்கத்திலிருந்து கம்பங்காடு போனது. சோளம் தீர்ந்ததும் சோளக்காடு போனது. வாசலில் சட்டியோடு வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சீனியம்மா ஒரு நார்ப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"ரெண்டு வருசத்து மொச்சை, மதினி. எங்க வீட்டுக்காரரு தூக்கத்துல கொடி வீசுதாரு. இதையும் சேர்த்துப் போடுங்க."

யார் வீட்டுப் பானையில் என்ன பழசு கிடந்ததோ எல்லாம் வந்தது. கொஞ்சம் கொள்ளு, கொஞ்சம் வற்றல், பிடி நொய். ஊர் முழுக்க ஒரே வாசனை, மெல்லிய புகை, பகலெல்லாம் காற்று. யாரும் வயிறு புடைக்கத் தின்னவில்லை, யாரும் பட்டினியும் கிடக்கவில்லை. ஆட்களின் முகமெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக ஆனது.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது நான்கு குலுக்கையும் காலி. விதைக்கு ஒதுக்கிய நாலு படிதான் மிச்சம். பவளம் காலையில் எழுந்து விளையாடினாள். ஆனால் உச்சி வெயிலில் படுத்தவளை விளக்கு வைக்கிற நேரம்வரை எழுப்ப முடியவில்லை. எழுந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"யம்மா, ஒரு அண்ணன் எனக்கு முன்னால போறான். நான் பின்னாலயே ஓடுதேன். எட்டவே மாட்டேங்கான். நாளைக்கு எட்டிப் பிடிச்சிருவேன்."

குருவம்மாவுக்கு அந்த அண்ணன் யாரென்று புரிந்தது. பரணில் இருந்த குதிரைவாலி தன் கனவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பிந்திப்போன அது, மூன்று வருசமாக முத்தையாவைத் துரத்திக்கொண்டு, இப்போது இவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

மறுநாள் காலையிலேயே கலயத்தை இறக்கினாள். உடனே உடைக்க மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அவளுக்கென்று மகனிடமிருந்து மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவன் தின்னாத சோறு. பக்கத்தில் பவளத்தின் கண் அதற்குள் சொக்க ஆரம்பித்தது. குருவம்மா கலயத்தின் களிமண்ணைப் பெயர்த்து, கட்டை அவிழ்த்தாள்.

உள்ளே இருந்து ஒரு பூச்சி பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் நூறு, அப்புறம் கணக்கில்லை. சாம்பல் நிறத்தில், விரல்நகம் அளவுகூட இல்லாத சிறகு. அதுவரை உலகத்தில் யாரும் பார்த்திராத பூச்சி. காற்று அடிக்கிறதென்று சாத்தியிருந்த கதவில் போய் மோதின, திரும்பின, மறுபடி மோதின. வெளியே போகத் துடித்தன. ஒன்று அவள் புறங்கையில் வந்து உட்கார்ந்தது. கையைத் தட்டினால் பொடியாகிவிடும். அப்படி ஒரு லேசு.

குருவம்மா எழுந்து கதவைத் திறந்தாள். அவளையும் அறியாமல் "போயிட்டு வா" என்று வாய் தொடங்கியது. வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரிடமும் நாம் சொல்வது அதுதானே. எதிரியாக இருந்தாலும் வெறுமனே 'போ' என்று அனுப்பமாட்டோம். மகனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள், சொல்லிவிட்டு மூன்று வருசமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சொல்லைப் பாதியில் நிறுத்தினாள்.

"போ," என்றாள். "போ, ராசா."

கையிலிருந்த பூச்சி எழுந்தது. எல்லாம் ஒரு சாம்பல் மேகமாகத் திரண்டு, ஆடிக் காற்றில் ஏறி, காட்டுக்கு மேலே போய் மறைந்தன. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கலயத்தில் உமி போக ஒரு பிடி நல்ல மணி இருந்தது. அதையும் கழுவி உலையில் போட்டாள்.

கூழ் கொதிக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யம்மா, பசிக்குது."

மூன்று வருசமாக எந்தச் சொல் தன் வீட்டில் கேட்கக் கூடாது என்று பயந்து கிடந்தாளோ, அதே சொல். கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டியை இறக்கி, அம்மனுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஊதி ஊதி ஊட்டினாள். அடுத்த வாரம் மழை விழுந்தது. கூழுக்காக விழுந்ததா, விழுகிற காலம் வந்து விழுந்ததா என்பதை அம்மனிடம்தான் கேட்க வேண்டும், அவள் சொல்லமாட்டாள்.

அன்று முதல்தான் ஆடி பிறந்தால் அந்தப் பக்கத்தில் பழைய தானியத்தை ஒழித்து அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிறார்கள். வெகுநாள் மூடிக்கிடந்த பானையிலிருந்து அந்துப்பூச்சி பறப்பதும் அன்றிலிருந்துதான். யாரும் அதை அடிப்பதில்லை. கதவைத் திறந்து விடுகிறார்கள். வேறு யாருக்கும் சொல்லாத அந்த வெறும் 'போ'வை, அதனிடம் மட்டும் மெதுவாகச் சொல்கிறார்கள்.