படகை எங்கே கட்டுவது

தென்கடலில் வெண்திட்டு என்று ஒரு சின்னத் தீவு. அரைநாள் துடுப்புப் போட்டால் கருந்திட்டு. மீன்பிடி எல்லைச் சண்டையில் இரண்டு தீவுக்காரர்களும் தலைமுறைக்கணக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடல் இரண்டு கரைகளையும் தின்றுகொண்டிருந்தது. வீம்பை மட்டும் யாரும் விடவில்லை.

எப்போதோ வந்துகொண்டிருந்த புயல் இப்போது வருஷம் தவறாமல் வந்தது. போன வருஷம் வெண்திட்டின் கிணறுகளுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. படகுகள் எல்லாம் நொறுங்கிவிட்டதால் குடிநீர் கொண்டுவர வழியில்லை. தலைவர் சாத்தப்பனின் மனைவி தாகத்திலேயே செத்துப்போனாள். இந்த வருஷம் அவர் மகளுக்கு நிறைமாதம்.

புயல் காலத்துக்கு முன்னால் எல்லாப் படகுகளையும் அம்மன் கோயில் கல்தூண்களில் கட்டுவது அந்தத் தீவின் வழக்கம். சாத்தப்பன் புதுக் கயிறோடு குரு நீலாயியிடம் போனார். குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் ஊரே தாயே என்றுதான் கூப்பிடும்.

“தாயே, போன தடவை கட்டு அறுந்துபோச்சு. இந்தத் தடவை எப்படிக் கட்டுறது?”

“எல்லாப் படகையும் கடல்ல இறக்குங்க, பெரியவரே. காட்டுறேன்.”

இறக்கினார்கள். பாதிக் கடலில்தான் சாத்தப்பனுக்கு உறைத்தது.

“தாயே, இது கருந்திட்டுப் பக்கமாச்சே.”

“ஆமா.”

கருந்திட்டுக் கரையில் ஆட்கள் கம்போடு நின்றார்கள். அவர்கள் தலைவர் ஆண்டிச்சாமி முன்னால் வந்தார்.

“என்ன, சண்டைக்கா?”

“இல்ல. எங்க படகெல்லாம் இனி உங்க துறையிலயே கிடக்கட்டும்” என்றார் குரு.

சாத்தப்பன் திரும்பிக் குருவின் முகத்தைப் பார்த்தார். ஆண்டிச்சாமி கம்பைத் தாழ்த்தினார்.

“பதிலுக்கு என்ன வேணும்?”

“எங்களை ஊர்ல கொண்டுபோய் விட்டாப் போதும்.”

கருந்திட்டு ஆட்கள் அவர்களை வெண்திட்டுக் கரையில் இறக்கிவிட்டு எல்லாப் படகுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெண்திட்டில் ஒரு படகுகூட இல்லை. ஊர் திகைத்து நின்றது. யாரோ குருவின் மேல் மண்ணை வாரி எறிந்தார்கள்.

“புயலுக்கு அப்புறம் அவங்க படகைக் கொண்டு வராட்டி என்ன செய்யறது, தாயே?” என்றார் சாத்தப்பன்.

குரு மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். நானாக இருந்தால் அன்றைக்கே வேறு குருவைத் தேடியிருப்பேன்.

புயல் வந்தது. கல்தூண்களையே பிடுங்கிக் கடலில் போட்டது. மேட்டில் ஏறி ஒண்டியவர்கள் பிழைத்தார்கள். விடிந்ததும் சாத்தப்பன் ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். உப்பு. மகளுக்கு வலி கண்டிருந்தது. உதடு வெடித்து, “ஒரு வாய் தண்ணி, அப்பா” என்றாள். அவர் பயந்துபோனார். குருவின் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. அதில் தப்பில்லை.

உச்சிவெயிலில் படகுகள் தெரிந்தன. வெண்திட்டின் படகுகள். உள்ளே தண்ணீர்க் குடங்கள், துடுப்புப் போடுவது கருந்திட்டு ஆட்கள். முதலில் இறங்கியவள் அவர்களுடைய மருத்துவச்சி; அன்றைக்குக் கரையில் நின்ற நிறைமாதக்காரியை அவர்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு படகுக்குப் பின்னாலும் ஒரு காலிப் படகைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

“எங்க பக்கம் ஓலை மட்டும்தான் பறந்துச்சு” என்றார் ஆண்டிச்சாமி, சாத்தப்பனின் முகத்தைப் பார்க்காமல். “பின்னால வர்றது எங்க படகுங்க. அடுத்த காத்து எங்களுக்கா இருக்கலாம். எந்தப் பக்கம் கட்டட்டும்?”

சாயங்காலம் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். சாத்தப்பன் போய்க் குருவின் காலில் விழுந்தார்.

“அவங்க வருவாங்கன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரிஞ்சிருக்கு, தாயே.”

“தெரியாது.”

சாத்தப்பன் விழுந்த இடத்திலேயே தலையை நிமிர்த்தினார்.

“தெரியாமலா எல்லாப் படகையும் குடுத்தீங்க? என் மக உயிரு…”

“படகு இங்க இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியும், பெரியவரே.”