கீரி கட்டிய தண்ணீர்ப் பக்கம்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், தண்ணீரைத் தேடி நடப்பதே விலங்குகளுக்குப் பிழைப்பாக இருந்தது.

காலையில் ஒரு குளத்துக்குப் போகும். அது வெடித்துக் கிடக்கும். அங்கிருந்து ஒரு குட்டைக்குப் போகும். நேற்று தண்ணீர் இருந்த இடத்தில் இன்று சேறு இருக்கும். திரும்பி வருவதற்குள் கால்கள் தளர்ந்துவிடும்.

அந்தக் காட்டு விலங்குகளிடம் கைபேசிகள் இருந்தன. எப்படி வந்தன என்கிறீர்களா, குழந்தைகளே? சுற்றுலா வந்தவர்களிடமிருந்து குரங்குகள் பிடுங்கியவைதாம். திருப்பிக் கொடுக்கும் வழக்கம் குரங்குகளுக்கு இல்லை. வனக்காவலர்கள் விட்டுப்போன ஒரு குடிலில் கணினி ஒன்றும் இருந்தது. கூரைமேல் இருந்த சூரியத் தகட்டால் அது ஓடியது.

அந்தக் குடிலில் ஒரு கீரியும் ஓர் உடும்பும் வேலை செய்தன. கீரியின் பெயர் துடியன். அதற்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. உடும்பின் பெயர் பற்றன். அதற்குப் பிடித்ததை விடத் தெரியாது.

ஒருநாள் வடிவு என்ற பெண்யானை குடிலின் வாசலில் வந்து நின்றது.

"எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று கைபேசியில் பார்க்க ஓர் இணையப் பக்கம் வேண்டும். உங்களால் முடியுமா?" என்று கேட்டது.

"முடியுமாவா? இப்போதே தொடங்குகிறேன்!" என்று துள்ளியது துடியன்.

"விளையாட்டு இல்லை, தம்பி. பெண்மான் மருதியின் குட்டிகளில் ஒன்று தண்ணீர் தேடிப் போன வழியில் சுருண்டு விழுந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கு இன்னும் ஒரு குட்டிதான் மிச்சம்."

துடியனின் துள்ளல் அடங்கியது. பற்றன் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

பற்றனிடம் பழகிய கருவி ஒன்று இருந்தது. அதற்குச் செங்கல் என்று பெயர். அழகு கிடையாது. ஆனால் எழுதியதை எழுதியபடியே காட்டும். அதைக்கொண்டு இரண்டும் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கட்டின. குளத்தின் பெயர், தண்ணீர் உண்டா இல்லையா, பார்த்தது யார், எப்போது. அவ்வளவுதான்.

வெண்ணி என்ற கொக்கும் அதன் கூட்டமும் காட்டைச் சுற்றிப் பறந்து குளங்களைப் பார்த்து வந்து சொல்லும். பற்றன் தன் நகத்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்.

துடியனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"பற்றா, நீ தட்டி முடிப்பதற்குள் குளமே வற்றிவிடும்! கொக்குகளே நேராக அனுப்பும்படி ஒரு பொத்தான் வைத்தால் என்ன?"

"இப்படியே நடக்கிறதே."

"நடக்கவில்லை, நகர்கிறது!"

பற்றன் முனகியது. ஆனாலும் துடியன் பொத்தானை வைத்துவிட்டது. கொக்கு குளத்தின் மேலே பறந்தபடியே, காலில் பிடித்த கைபேசியை அலகால் ஒரு தட்டு தட்டினால் போதும், செய்தி பக்கத்தில் வந்துவிடும். பற்றனே இரண்டு முறை அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது.

காட்டின் நடுவில் நாவல்மேடு என்று ஓர் இடம் உண்டு. குடிலை விட்டால், தரையில் நடப்பவர்களுக்கு அங்கே மட்டும்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மான்கள் காலையில் அந்த மேட்டில் ஏறும். மருதி பக்கத்தைத் திறந்து பார்க்கும். எந்தக் குளத்தில் தண்ணீர் உண்டோ, கூட்டம் அந்தத் திசையில் நடக்கும். ஒரு வீண் நடை இல்லை. குட்டிகளின் கண்களில் தெளிவு வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு காக்கை குடிலின் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. ஊர் ஊராகப் போய்ச் செய்தி கொண்டுவருவதுதான் அதற்கு வேலை.

"இன்னுமா செங்கல்லை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்? மேற்குக் காட்டில் எல்லோரும் தும்பிக்கு மாறிவிட்டார்கள், தெரியுமா?"

"தும்பியா? அது என்ன?" துடியனின் வால் விறைத்துக்கொண்டது.

"புதுக் கருவி. தொட்டால் பக்கம் பறக்கும். குளத்தின் படத்தில் அலைகூட அடிக்கும்!"

காக்கை பறந்துபோனது. துடியனுக்கு அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. கணினியைச் சுற்றிச் சுற்றி வந்தது. செங்கல்லில் கட்டிய பக்கத்தைப் பார்க்கப் பார்க்க அதற்கு எரிச்சலாக இருந்தது.

"மாற்றிவிடலாம், பற்றா."

"எதற்கு? மான் எதுவும் குறை சொன்னதா?"

"மான்களுக்கு என்ன தெரியும்? மேற்குக் காட்டில் இதைப் பார்த்தால் நம்மைக் கேலி செய்யமாட்டார்களா?"

"நான் செங்கல்லை விடமாட்டேன்," என்றது பற்றன். ஏன் விடக்கூடாது என்று எடுத்துச் சொல்ல அதற்குப் பொறுமை இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

துடியன் தனியாகவே எல்லாவற்றையும் தும்பிக்கு மாற்றியது. மாற்றும்போது பக்கம் வெறுமையாகிவிட்டது. நாவல்மேட்டில் மான்கள் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வெயில் ஏறும்வரை நின்றன. கடைசியில் குளங்களின் படம் வந்தது, அலையும் அடித்தது. ஆனால் படம் வந்து சேர முன்பைவிட அதிக நேரம் பிடித்தது.

மாலையில் மருதி குடிலுக்கு வந்தது.

"தம்பி, படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று வெகுநேரம் நின்றுவிட்டோம். குட்டிக்கு நாக்கு வறண்டுபோயிற்று."

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும், அக்கா. இனிமேல் பாருங்கள்!"

மருதி போன பிறகு பற்றன் வாயைத் திறந்தது.

"துடியா, ஒரு நடைமுறை வைத்துக்கொள்வோம். நீ எதை மாற்றினாலும் முதலில் சோதனைப் பக்கத்தில் மாற்று. அது நமக்கு மட்டும்தான் தெரியும். வெண்ணி அதைப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். அப்புறம் எல்லோருக்கும் காட்டலாம்."

"சரி, சரி," என்றது துடியன். அதன் பார்வை ஜன்னலில் இருந்தது. காக்கை மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

காக்கை வந்தது.

"தும்பியா? அதெல்லாம் பழசாகிவிட்டதே! இப்போது எல்லா இடத்திலும் சூறைதான் பேச்சு."

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் துடியன் கணினியின் முன்னால் உட்கார்ந்தது. பற்றன் பாறைமேல் வெயில் காயப் போயிருந்தது. கேட்க ஆள் இல்லை. சூறை என்ற அந்தப் புதுக் கருவியைத் துடியன் அதற்கு முன் தொட்டதே இல்லை. படித்துப் படித்துக் கட்டியது. பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்காக, எல்லாக் குளங்களின் பெயருக்கும் எதிரே 'தண்ணீர் உண்டு' என்று மாதிரிக்குப் போட்டுவைத்தது.

பக்கம் பளபளவென்று வந்தது. துடியனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

'சோதனைப் பக்கம், வெண்ணி, சரிபார்ப்பு... அதெல்லாம் முடிவதற்குள் பொழுது போய்விடும்' என்று நினைத்தது. தும்பியில் இருந்த பழைய பக்கத்தை அழித்தது. புதியதை எல்லோருக்கும் தெரியும்படி வெளியே விட்டது.

மாதிரிக்குப் போட்டதை மாற்ற மறந்துவிட்டது.

நாவல்மேட்டில் மருதி கைபேசியைத் திறந்தது. எல்லாக் குளத்திலும் தண்ணீர்! அதன் கண்கள் அகன்றன. பக்கத்தில் இருப்பது செம்மண் குட்டை. குட்டிக்கு நடை குறையும். "வாருங்கள்," என்று கூட்டத்தை அழைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது வெண்ணி சிறகு அடித்தபடி குடிலுக்குள் விழாத குறையாக வந்தது.

"மான்கள் செம்மண் குட்டைக்குப் போகின்றன! அங்கே சேறுகூட இல்லை என்று நேற்றே அனுப்பினேனே? யார் அவர்களைப் போகச் சொன்னது?"

துடியன் பக்கத்தைப் பார்த்தது. எல்லாக் குளங்களுக்கும் எதிரே, பச்சை நிறத்தில், 'தண்ணீர் உண்டு'.

உடனே மாற்றப் பார்த்தது. எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை. ஒன்றை அழுத்தினால் வேறொன்று திறந்தது. இன்னொன்றை அழுத்தினால் சிவப்பில் ஏதோ எழுதி நின்றுவிட்டது. காலையில்தான் கையில் எடுத்த கருவி. அதன் மூலை முடுக்கு எதுவும் துடியனுக்குத் தெரியாது.

சத்தம் கேட்டுப் பற்றன் உள்ளே வந்தது.

"பழைய பக்கம் எங்கே?"

"அழித்துவிட்டேன்," என்றது துடியன்.

"நீ அழித்தாய். நான் அழிக்கவில்லை. செங்கல்லில் கட்டியதை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். தள்ளு."

துடியன் நகர்ந்தது. பற்றன் நகலைத் திறந்து பழைய இடத்தில் வைத்தது. கொக்குகளின் பொத்தானும் திரும்பி வந்தது. வெண்ணி அதைத் தட்டித் தட்டித் தான் பார்த்ததை எல்லாம் அனுப்பியது. செம்மண் குட்டை, இல்லை. ஊசிப்பாறைச் சுனை, இல்லை. ஆற்றுமடு, உண்டு.

"சரியாகிவிட்டது!" என்றது துடியன்.

"பக்கம் சரியாகிவிட்டது," என்றது பற்றன். "மான்கள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே சிக்னல் ஏது?"

துடியன் அடுத்த பேச்சுக்கு நிற்கவில்லை. குடிலைவிட்டுப் பாய்ந்தது. வெண்ணி யானையைத் தேடிப் பறந்தது.

மண் சுட்டது. கள்ளி முட்கள் காலில் ஏறின. துடியன் ஓடியது. இப்படி ஒரு நோக்கத்தோடு அது ஓடியதே இல்லை.

செம்மண் குட்டையின் நடுவில் மான்கள் நின்றன. காலடியில் ஓடு ஓடாகப் பெயர்ந்த மண். மருதியின் குட்டி படுத்திருந்தது. மருதி அதன்மேல் தன் நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தது.

"அக்கா," என்று மூச்சிரைத்தது துடியன். "இங்கே இல்லை. ஆற்றுமடுவில்தான் இருக்கிறது. நான் தவறாகப் போட்டுவிட்டேன்."

மருதி தலையைத் திருப்பியது.

"நீ போட்டதைப் பார்த்துத்தானே வந்தோம்."

"தெரியும், அக்கா."

"எழுந்து நடக்க இவனுக்குத் தெம்பு இல்லை. ஆற்றுமடு எங்கே, நாங்கள் எங்கே?"

துடியன் குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அதன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காத கீரி அங்கே அசையாமல் இருந்தது. செய்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் அதற்குத் தாங்கவில்லை.

பள்ளத்தின் மேட்டில் புதர்கள் முறிந்தன. வடிவு யானை இறங்கி வந்தது. துதிக்கையைத் தன் வாய்க்குள் விட்டு, யானைகளுக்கே உரியபடி தொண்டைக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. குட்டியின் வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. முதலில் தண்ணீர் வழிந்து மண்ணில் போயிற்று. பிறகு குட்டியின் நாக்கு நீண்டது.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் ஆற்றுமடுவுக்குப் புறப்பட்டது. வடிவு குட்டியைத் துதிக்கையால் தாங்கிக்கொண்டு நடந்தது. மருதி ஒருமுறைகூடத் துடியனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மான்கள் நாவல்மேட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டன. கைபேசியைத் தொடவில்லை. பழையபடி குளம் குளமாக நடந்தன. எல்லாக் குளத்துக்கும் நடந்தால் கால் வலிக்கும், ஆனால் ஏமாற்றம் இல்லை என்று மருதி சொன்னதாம்.

குடிலில் துடியன் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. கை அரித்தது. வால் துடித்தது. ஆனாலும் எதை மாற்றினாலும் சோதனைப் பக்கத்தில்தான் மாற்றியது. வெண்ணி சரி என்ற பிறகே வெளியே விட்டது. பற்றனும் கொஞ்சம் இளகியது. துடியன் ஏதாவது சொன்னால் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்புவதில்லை. "எதற்கு வேண்டும், சொல்," என்று கேட்டுக்கொண்டது.

பார்க்க ஆள் இல்லாத பக்கத்தை இரண்டும் நாள் தவறாமல் சரியாக வைத்திருந்தன.

ஒரு காலை, துடியன் நாவல்மேட்டின் பக்கமாகப் போனது. மேட்டின் மேல் மருதி தனியாகக் குட்டியோடு நின்றது. கைபேசியைத் திறந்து நெடுநேரம் பார்த்தது. பிறகு குட்டியை முகர்ந்துவிட்டு, ஊசிப்பாறைச் சுனையின் திசையில் நடந்தது.

அந்தச் சுனையில் முந்தின நாள்தான் ஊற்று திறந்திருந்தது. வெண்ணி பார்த்தது. பற்றன் சரிபார்த்தது. துடியனே இரண்டாம் முறை பார்த்தது. எல்லாம் தெரிந்தும் அதற்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. புதர் மறைவிலேயே அவர்கள் பின்னால் போனது. ஒரு சருகு மிதிபடாமல் போனது.

மருதி பாறையைச் சுற்றித் திரும்பி மறைந்தது. குட்டியும் மறைந்தது.

துடியன் பாறைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், சளப் சளப் என்று குட்டி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

நீதி: யாருக்காகச் செய்கிறோம் என்பதை மறந்து கருவியை மாற்றிக்கொண்டே இருப்பவனால், அவனை நம்பி நடப்பவர்களே வழி தவறுவார்கள்.