முதுகு காட்டி நடந்தவர்

தேவகோட்டையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் குழுவினரின் பைகளைக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, அடுத்த தங்குமிடத்தில் இறக்கி வைப்பதே அழகுமலையாரின் தொழில். அவர்கள் வெறுங்காலுடன் நடப்பதால் இவரும் செருப்பில்லாமல்தான் வண்டி ஓட்டுவார். ஒவ்வொரு பையை இறக்கும்போதும் "முருகா" என்பார். கேட்க ஆள் இருக்காது. பாட்டும் காவடியும் பின்னால் எங்கோ வந்துகொண்டிருக்கும். அவர் எப்போதும் முன்னால், தனியாக. மனைவி இறந்த பிறகு வீட்டிலும் அதே கதைதான்.

பழனியில் எல்லோரும் மலையேறுவார்கள். அவர் அடிவாரத்தில் பைகளுக்குக் காவல். கீழேயிருந்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

"டீசல் போட்டு யாத்திரை போற பக்தரு இவருதான்யா," என்பார் குழுத்தலைவர் சேவுகன். "முருகன் இவருக்கு டோல்கேட்டுலயே தரிசனம் குடுத்துருவாரு."

அழகுமலையார் சிரித்துக்கொள்வார்.

ஒரு தைப்பூசத்தன்று அந்தச் சிரிப்பு வரவில்லை. அடிவார மடத்தில் இறக்கிய பைகளைக் குழு வந்து எடுத்தபோது, அதில் ஒருவரான சிகப்பி ஆச்சியின் மஞ்சள் பையைக் காணோம். அதற்குள் ஒரு வெள்ளி வேல். மறைந்த கணவர் நேர்ந்துகொண்டது. அதைச் செலுத்தத்தான் இந்த வயதில் ஆச்சி இத்தனை தூரம் நடந்து வந்திருந்தார்.

"கயிறு தளர்ந்து எங்கயோ விழுந்துருச்சு போல, ஆச்சி."

"விழுந்துச்சா, வித்தாச்சா?" என்றார் சேவுகன்.

ஆச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சேவுகன் சொன்னதைவிட அதுதான் அழகுமலையாரைச் சுட்டது.

"நீங்க மலையேறுங்க ஆச்சி. நான் தேடிக் கொண்டாறேன்."

மடத்துக் காவலாளியிடம் மற்ற பைகளை ஒப்படைத்தார். கூட்டத்துக்கு எதிரே வண்டி விடப் போலீஸார் மறுத்தனர். நடந்தார்.

"யோவ் பெரியவரே, பழனி அந்தப் பக்கம்," என்றார் எதிரே வந்த பக்தர் ஒருவர்.

"தெரியும்ப்பா."

சாலை நிறையக் காவடிகள் வந்துகொண்டிருந்தன. ஊரே முருகனைப் பார்க்கப் போக, தாம் ஒருவர் மட்டும் அவனுக்கு முதுகு காட்டிப் போகிறோமே என்று நினைத்தபடியே நடந்தார். வேகத்தடைகளில் குனிந்து பார்த்தார். டீக்கடைகளில் விசாரித்தார். ஆயக்குடி தாண்டி, காலையில் வண்டி கிளம்பிய சத்திரப்பட்டி வரைக்கும் போனார். பை இல்லை.

"முருகா, என்னைத் திருடன்னு சொல்லட்டும். அந்தம்மா வெறுங்கையோட உன் முன்னால நிக்கக் கூடாது."

காலெல்லாம் வெடித்து அவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. குழு மலையிறங்கி மடத்தில் இருந்தது.

"ஆச்சி, கிடைக்கலை."

ஆச்சி ஏற இறங்கப் பார்த்தார். "என்ன உளர்றே? நீதானே கொண்டாந்து குடுத்தே."

"நானா? எங்க?"

"மேல, சன்னதி வாசல்ல. இதே அழுக்குச் சட்டையோட இரைக்க இரைக்க வந்து நின்னியே. வெள்ளி வேல் இப்ப முருகன் காலடியில இருக்கு. உள்ள வந்து கும்பிட்டுட்டுப் போன்னேன். 'மத்தவுக பையெல்லாம் கீழ கிடக்கு ஆச்சி'ன்னு இறங்கிட்டே."

"நானும் பார்த்தேன்," என்ற சேவுகன் தலை நிமிரவில்லை. "மன்னிச்சுக்கங்கண்ணே."

அழகுமலையார் வெளியே வந்து மலையைப் பார்த்தார். உச்சியில் விளக்கு எரிந்தது.

"என் சட்டையப் போட்டுக்கிட்டு நீயா சுமந்தே?" என்று கேட்டார். அழுகை முட்டியது.

தாம் எங்கே இருந்தோம் என்பதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஊர் திரும்ப வேண்டிய பைகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். குமரனே ஒருநாள் தானும் செய்து பார்க்க ஆசைப்பட்ட அந்தத் தொழிலையும், அதைச் செய்த அழுக்குச் சட்டைக்காரரையும் கைகூப்பி வணங்குவோம்.