ஒன்றுமில்லாத இடத்துக்குப் போன புகை

அந்தக் காலத்தில் பறவைகளும் காற்றும் பேசிக்கொண்டிருந்தன. கற்களும் பேசின என்பவர்கள் உண்டு. அதற்குச் சான்று போதாது. அப்போது புகைக்கு ஊர்விட்டு ஊர் போகும் பழக்கமில்லை. எரிந்த மலையிலேயே படுத்துக் கிடந்து, தானாகக் கரையும்.

மேற்கு மலையில் ஓர் இருவாட்சி இணை வாழ்ந்தது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. அலகு நுழையும் இடுக்கு மட்டுமே மிச்சம். அதன் வழியாக ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டியது. உள்ளே பெண் பறவை, வழக்கப்படி, சிறகுகளை உதிர்த்துவிட்டது. புதியவை முளைக்கும்வரை பறக்க முடியாது. குஞ்சும் பொரிந்தது. குறையே சொல்ல முடியாத ஏற்பாடு, புகை வரும்வரை.

அந்தக் கோடையில் பக்கத்துச் சரிவு பற்றி எரிந்தது. தீ ஓடையோடு நின்றுவிட்டது. புகை நிற்கவில்லை.

"என்னங்க, குஞ்சுக்கு மூச்சு இழுக்குது" என்று பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

சுவரை உடைத்தாலும் பறக்கச் சிறகில்லை. ஆண் பறவை தன் சிறகால் விசிறி விசிறிப் பார்த்தது. போன புகை திரும்பி வந்தது. கடைசியில் ஆண் பறவை மேல்காற்றிடம் போய் நின்றது.

புகையைத் தூக்கிப் போகலாம், இல்லாமல் ஆக்க முடியாது, எங்கேயாவது இறக்கியாக வேண்டும் என்று மேல்காற்று விளக்கியது. "இடத்தைச் சொல்லு தம்பி."

இருவாட்சி மலையைவிட்டு இறங்கியதே இல்லை. "அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமில்லை அண்ணே. அங்கே கொட்டிடுங்க."

காற்று அப்படியே செய்தது. பொந்து தெளிந்தது. குஞ்சு பழம் கேட்டுக் கத்தியது.

மறுநாள் கண் சிவந்த காகம் ஒன்று இருமிக்கொண்டே மலையேறி வந்தது. எங்கிருந்து வருகிறாய் என்று இருவாட்சி மரியாதையாகத்தான் கேட்டது.

"நீ சொன்னியே, ஒண்ணுமில்லாத இடம். அங்கேயிருந்துதான்" என்றது காகம்.

யார் சொல்லிக் கொட்டியது என்பதைக் காற்று மறைக்கவில்லை. அங்கே மூன்று ஊர்கள் இருப்பதையும், எருமைகள்கூட இருமுவதையும், தன் கூட்டிலும் குஞ்சுகள் இருப்பதையும் காகம் எடுத்துச் சொன்னது. இருவாட்சி இடுக்கைக் காட்டியது. காகம் பழம் கொண்டுவந்திருப்பதாக நினைத்து, உள்ளிருந்த மொட்டைக் குஞ்சு வாயைத் திறந்தது. வழியெல்லாம் யோசித்துவைத்த வசவில் பாதியைக் காகம் விழுங்கிவிட்டது.

பிறகு காற்றையும் கூப்பிட்டு மூவரும் பேசி முடித்தார்கள். புகையை ஓரிடத்தில் கொட்டாமல், உயரத் தூக்கிப் போய் வழிநெடுகத் தூவுவது. எல்லார் பங்கும் குறையும். விடியற்காலையில் தான் கண்ணயரும்போது புகை கீழே இறங்கினால் யாரும் கோபிக்கக் கூடாது என்றது காற்று.

காகம் இருவாட்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டது: "அடுத்த தடவை முன்னாடியே சத்தம் கொடு. குஞ்சு மேல சிறகை மூடிக்க நேரம் வேணும்." இருவாட்சி வாக்குக் கொடுத்தது.

அன்று முதல்தான், எங்கோ காடு எரிந்தால், மலையையே பார்த்திராத ஊர்களிலும் காலையில் கண் கரிக்கிறது. வெயில் ஏறிக் காற்று எழுந்ததும் வானம் தெளிகிறது. இருவாட்சியும் வாக்குத் தவறவில்லை. இன்றும் அது பறந்தால் சிறகோசை பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. ஊர்வரை கேட்கிறதா என்று மட்டும் அது இன்னும் இறங்கி வந்து பார்க்கவில்லை.