வெளிநாட்டு அம்மா போட்ட கையெழுத்து

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஒருத்தியைக்கூட விடாமல், அடுத்த பிள்ளை வராதபடி காப்பர்-டி வைத்து அனுப்பினார்கள். “நூற்றுக்கு நூறு!” என்று மார்தட்டினார் பெரிய டாக்டர் தெய்வசிகாமணி. இந்தத் திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டிலிருந்து ஹெல்கா என்ற பெண் அதிகாரி பார்வையிட வந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“எல்லாப் பெண்களும் சம்மதித்தார்களா?” என்று கேட்டார்.

டாக்டர் பிரசவ வார்டு ஆயா சொர்ணத்தாயைக் கூப்பிட்டார். “எப்படிச் சந்தோஷமா கையெழுத்துப் போட்டாங்கன்னு அம்மாவுக்குக் காட்டு. சொதப்பினா நாளைக்கு வேலைக்கு வராதே.”

“காட்டிடறேங்கய்யா.” சொர்ணத்தாய் மேஜையிலிருந்த ஒரு தாளை எடுத்து ஹெல்காவிடம் நீட்டினாள். “இங்க ஒரு கையெழுத்துங்கம்மா. சீக்கிரம்.”

ஹெல்கா சிரித்தபடியே போட்டார்.

“அவ்வளவுதாம்மா. வலியில துடிச்சவங்களும் இப்படித்தான் போட்டாங்க. உங்களுக்குக் காப்பர்-டி வைக்க நீங்க இப்ப சம்மதிச்சிட்டீங்க.”

ஹெல்காவின் கை தானாக அடிவயிற்றைப் பொத்தியது.

“நான் சம்மதிக்கவில்லை! கிழித்துப் போடு!”

“அதெப்படிங்கம்மா?” சொர்ணத்தாய் தாளை மடித்தாள். “வைக்கிறதுக்குத்தான் உங்க கையெழுத்து. வேண்டாம்னு சொல்ல உங்க வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும். ஐயா போட்ட சட்டம்.”